அல்புமின் நானோதுகள்: புரதத்தைத் திரியவிட்டு 200 நானோமீட்டரில் நிறுத்துவது எப்படி?

சூடான பாலில் எலுமிச்சை பிழிந்தால் கேசின் கட்டிகட்டியாகத் திரிகிறது. அமிலம் சேரச் சேரப் பாலின் பிஎச் 4.6ஐ நெருங்குகிறது. அந்த இடத்தில் கேசினின் மொத்த மின்சுமை பூஜ்ஜியம். அதுவரை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்த துகள்கள் தள்ளுவதை விட்டு ஒட்டிக்கொள்கின்றன. மருந்தைச் சுமக்கும் புரத நானோதுகளைச் செய்வதும் புரதத்தைத் திரியவைக்கும் வேலைதான். ஆனால் இங்கே திரிதல் தொடங்கவும் வேண்டும், 200 நானோமீட்டர் அளவில் நின்றுவிடவும் வேண்டும். அப்படி நிறுத்துவது, புரத மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைக்கும் வேதிப்பொருளான குளுட்டரால்டிஹைடு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அளவைத் தீர்மானிப்பவை பிஎச்சும் உப்பும். குளுட்டரால்டிஹைடு, ஏற்கெனவே உருவான துகளைப் பூட்டுகிறது, அவ்வளவே. அதனால்தான் கீழே சொல்லியிருப்பதில் முக்கியமான பகுதி, துகளை உருவாக்கும் எத்தனாலின் முதல் சொட்டு விழுவதற்கு முன் செய்யவேண்டிய வேலையைப் பற்றியது.

இரத்தத்தில் கொழுப்பமிலங்களையும் பிலிருபினையும் பல மருந்துகளையும் ஏற்றிச் செல்லும் புரதம் அல்புமின். மருந்து ஒட்டிக்கொள்ளும் பைகள் அதன் மடிப்புகளிலேயே இருக்கின்றன. பேக்லிடாக்செல் என்ற புற்றுநோய் மருந்தை மனித அல்புமினோடு சேர்த்து, சுமார் 130 நானோமீட்டர் துகளாக்கிய அப்ராக்சேன் என்ற மருந்துக்கு 2005இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதன் ஒரு குப்பியில் 100 மி.கி. பேக்லிடாக்செலுக்கு சுமார் 900 மி.கி. அல்புமின். அது, திரவத்தை மிகுந்த அழுத்தத்தில் நுண்ணிடைவெளி வழியே செலுத்தும் உயர் அழுத்த ஹோமோஜினைசரில் தயாராவது. அந்தக் கருவி எல்லா ஆய்வகங்களிலும் கிடைக்காது. இங்கே விளக்குவது டீசால்வேஷன் முறை: அல்புமின் கரைசலில் எத்தனாலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, புரதத்தைச் சுற்றியிருக்கும் நீரைப் பிடுங்குவது. காந்தக் கலக்கி, சிரிஞ்சு பம்ப், சென்ட்ரிஃபியூஜ், நல்ல பிஎச் மீட்டர் இருந்தால் போதும்.

முதலில் ஓர் எச்சரிக்கை. இப்படிச் செய்யும் துகள்கள் ஆய்வகச் சோதனைக்கு மட்டுமே. மாட்டு அல்புமின் மனித உடலில் ஒவ்வாமையைக் கிளப்பும், மிச்சமிருக்கும் குளுட்டரால்டிஹைடு செல்களைக் கொல்லும். குளுட்டரால்டிஹைடு கண், தோல், மூச்சுக்குழாய் மூன்றையும் தாக்குவது. பழகப் பழக ஒவ்வாமையும் உண்டாக்கும். ஃபியூம் ஹூட் (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் பெட்டி), நைட்ரைல் கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் அதன் பாட்டிலைத் திறக்காதீர்கள்.

தேவையானவை

மாட்டு சீரம் அல்புமின், 'ஃபிராக்‌ஷன் ஃபைவ்' தரம், 98% அல்லது அதற்கு மேல். 10 மில்லிமோலார் சோடியம் குளோரைடு கரைசல், அதாவது 100 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் 58 மி.கி. உப்பு. 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது 100 மி.லி.யில் 0.4 கிராம். 96% அல்லது அப்சல்யூட் எத்தனால். 8% குளுட்டரால்டிஹைடு, கையில் 25% கரைசல் இருந்தால் அதில் 3.2 மி.லி.யோடு 6.8 மி.லி. நீர் சேர்த்துக்கொள்ளலாம். பாட்டில் பழசாகி மஞ்சளித்திருந்தால் அதைப் பயன்படுத்தாதீர்கள். மூலக்கூறுகள் தமக்குள்ளேயே சங்கிலியாகிப் போயிருக்கும், நீங்கள் போடும் கணக்கு பொய்யாகிவிடும்.

'ஃபிராக்‌ஷன் ஃபைவ்' என்ற பெயருக்குப் பின்னால் இந்த முறையின் தர்க்கமே இருக்கிறது. ஹார்வர்டில் எட்வின் கோன் 1940களில், போர்க்காலத் தேவைக்காக, குளிர்ந்த எத்தனாலைக் கொண்டு இரத்தப் பிளாஸ்மாவைப் பகுதி பகுதியாகப் பிரித்தார். அல்புமின் ஐந்தாவது பகுதியாக, 40% எத்தனாலில், பிஎச் 4.8இல், மைனஸ் 5 டிகிரியில் வீழ்ந்தது. அல்புமினின் மின்சுமை பூஜ்ஜியமாகும் இடம் 4.7 அருகில் இருக்கிறது. கோனுக்கு அது முழுவதும் வீழவேண்டும், அதனால் அந்த இடத்துக்கே போனார். நமக்குச் சிறு துகளாக நிற்கவேண்டும், அதனால் எதிர்த்திசையில், பிஎச் 8க்கு மேலே போகிறோம். அங்கே ஒவ்வொரு மூலக்கூறும் வலுவான எதிர்மின்சுமையோடு இருக்கும். துகள் ஓரளவு வளர்ந்ததும் அந்தத் தள்ளுவிசையே மேலே வளரவிடாது.

அல்புமின் வாங்கும்போது இரண்டைக் கவனியுங்கள். கொழுப்பமிலம் நீக்கிய வகையா என்பது ஒன்று: நீக்காத வகையில், மருந்து உட்காரவேண்டிய பைகளில் கொழுப்பமிலம் உட்கார்ந்திருக்கும். இன்னொன்று லாட் எண், அதாவது எந்தத் தயாரிப்புத் தொகுதியில் வந்தது என்பது. பொடியில் ஏற்கெனவே இரட்டையாகவும் கூட்டாகவும் ஒட்டிப்போன மூலக்கூறுகளின் பங்கு லாட்டுக்கு லாட் மாறும். துகள் அளவின் சீர்மை அதைப் பொறுத்தும் கெடும். ஒரு தொடர் சோதனை முழுவதையும் ஒரே லாட்டில் முடித்துவிடுவது நல்லது.

அல்புமினைக் கரைத்தல்

ஒரு தயாரிப்புக்கு 200 மி.கி. அல்புமினும் 2 மி.லி. கரைசலும் போதும். ஆனால் 2 மி.லி.யில் சாதாரண பிஎச் எலக்ட்ரோடு முங்காது. எனவே 500 மி.கி.யை 5 மி.லி.யாகச் செய்து, இரண்டு தயாரிப்புக்கு எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சின்ன பீக்கரில் 3.5 மி.லி. உப்புக் கரைசலை ஊற்றி, அதன் மேல் பொடியைத் தூவி அப்படியே விடுங்கள். அரை மணி நேரத்தில் தானாக நனைந்து இறங்கும். அவசரப்பட்டு வோர்டெக்ஸ் குலுக்கியில் வைத்தால் நுரைக்கும். நுரையின் மேற்பரப்பில் புரதம் உருக்குலையும், அந்தச் சிதைந்த இழைகள் பின்னால் பெரிய கட்டிகளுக்கு விதையாகும்.

கரைந்தபின் பிஎச் 7 அருகில் இருக்கும். மெதுவாகக் கலக்கிக்கொண்டே சோடியம் ஹைட்ராக்சைடை 20 மைக்ரோலிட்டர் வீதம் சேர்த்து 8.4க்குக் கொண்டுவாருங்கள். இந்தச் செறிவில் அல்புமினே பிஎச் மாறாமல் பிடித்துக்கொள்ளும், அரை மி.லி.க்கு மேல்கூடச் செலவாகலாம். அதற்கு இடம் விடத்தான் முதலில் 3.5 மி.லி.யோடு நிறுத்தினோம். கைக்குச் சுலபம் என்று 1 மோலார் காரத்தை விட்டால், சொட்டு விழும் இடத்தில் மட்டும் பிஎச் தாறுமாறாக ஏறிப் புரதம் சிதையும். 8.4ஐ எட்டியதும் உப்புக் கரைசலால் 5 மி.லி.க்கு நிரப்பி, பத்து நிமிடம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். சற்று இறங்கியிருந்தால் சரிசெய்யுங்கள். பிறகு 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்துக்கொள்ளுங்கள்.

எலக்ட்ரோடை ஒவ்வொரு முறையும் நன்றாகக் கழுவுங்கள். அதன் நுண்துளையில் புரதம் அடைத்தால் மீட்டர் தவறான எண்ணைக் காட்டும். புரதத்தைச் செரிக்கும் நொதியான பெப்சின் கலந்த நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்தால் அடைப்பு நீங்கும். நேற்று 180 நானோமீட்டர், இன்று 260 என்று காரணமே புரியாமல் மாறும்போது முதலில் சந்தேகிக்கவேண்டியது பிஎச் மீட்டரை.

இங்கே பலரைக் கவிழ்க்கும் தவறு டிரிஸ் பஃபர். பிஎச் நிலையாக நிற்கும் என்று அதில் அல்புமினைக் கரைப்பார்கள். டிரிஸில் அமீன் (ஆல்டிஹைடோடு வினைபுரியும் நைட்ரஜன் தொகுதி) இருக்கிறது, அதுவே குளுட்டரால்டிஹைடைத் தின்றுவிடும். கிளைசின் பஃபரும் அப்படித்தான். பிபிஎஸ் என்ற பாஸ்பேட் உப்புக் கரைசலில் கரைத்தால் வேறு கேடு: அதன் 150 மில்லிமோலார் அளவிலான உப்பு மின்சுமைகளை மறைத்துவிடும், தள்ளுவிசை இல்லாமல் துகள்கள் ஒட்டிக்கொண்டு தயிர்போல் ஆகும்.

எத்தனால் சேர்த்தல்

2 மி.லி. கரைசலைத் தட்டையான அடியுள்ள 20 மி.லி. கண்ணாடிக் குப்பியில் எடுத்து, சிறிய காந்தக் குச்சி போட்டு, அறை வெப்பநிலையில் நிமிடத்துக்கு 500 முதல் 600 சுற்று வேகத்தில் கலக்குங்கள். திரவத்தின் நடுவே ஆழமான சுழிப்பள்ளம் விழக்கூடாது. விழுந்தால் காற்று உள்ளே இழுபடும். சிரிஞ்சு பம்பில் 8 மி.லி. எத்தனாலை நிமிடத்துக்கு 1 மி.லி. வீதம் விடுங்கள். குழாயின் நுனி சுழலும் திரவத்துக்கு நேர் மேலே இருக்கட்டும். குப்பிச் சுவரில் வழிந்தால் அங்கே எத்தனால் அதிகமான ஒரு படலம் உண்டாகி, வெள்ளைத் தோல்போல் புரதம் படியும்.

இந்த எட்டு நிமிடமும் குப்பியை விட்டு நகராதீர்கள். முதலில் ஒன்றும் தெரியாது. பொதுவாக 2 முதல் 4 மி.லி. உள்ளே போனதும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் லேசான நீலச்சாயல் தெரியும். சிறு துகள்கள் நீல ஒளியை அதிகம் சிதறடிப்பதால் வரும் நிறம் அது. பிறகு நீர்த்த பால்போல் ஆகும். நீலம் காட்டாமல் ஒரேயடியாகச் சுண்ணாம்பு வெள்ளையாக மாறினால் பிஎச் குறைவு அல்லது உப்பு அதிகம் என்று பொருள். அந்தத் தயாரிப்பை அங்கேயே நிறுத்திவிடலாம், பின்னால் ஒலியலையால் கட்டிகளைக் கலைக்கும் எந்த சோனிகேட்டரும் அதைக் காப்பாற்றாது.

பம்ப் இல்லையென்றால் பியூரெட்டில் விடலாம். வேகம் கூடினால் சராசரி அளவு பெரிதாக மாறாமல் போகலாம். ஆனால் அளவுப் பரவல் விரியும், ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக வரும்.

பூட்டுதல்

எத்தனால் முடிந்ததும் துகள்கள் உண்டாகிவிட்டன, ஆனால் நிலையாக இல்லை. ஒரு சொட்டை எடுத்து 1 மி.லி. நீரில் விட்டுப் பாருங்கள்: பால்நிறம் கரைந்து தெளிந்துவிடும். எத்தனால் நீர்த்ததும் புரதம் மறுபடி நீரோடு போய்விடுகிறது.

இப்போது 235 மைக்ரோலிட்டர் 8% குளுட்டரால்டிஹைடு சேர்த்து, குப்பியை இறுக மூடி, அதே வேகத்தில் இரவு முழுவதும் கலக்குங்கள். 24 மணி நேரம் விட்டால் இன்னும் நல்லது. கணக்கு இது: 200 மி.கி. அல்புமின் என்பது 3 மைக்ரோமோல். ஒரு மூலக்கூறில் வினைபுரியக்கூடிய அமீன்கள் சுமார் 60, பெரும்பாலும் லைசின் என்ற அமினோ அமிலத்தினுடையவை. ஆக 180 மைக்ரோமோல் அமீன். 235 மைக்ரோலிட்டரில் இருக்கும் குளுட்டரால்டிஹைடு 188 மைக்ரோமோல், அதாவது அமீனுக்கு ஒன்று என்ற கணக்கு. இதை 100% குறுக்குப்பிணைப்பு என்பார்கள். 40%க்குக் கீழே போனால் துகள் நீரில் உப்பிக் கரையும். கூட்டக் கூட்ட நொதிகள் துகளைச் சிதைக்க நேரமெடுக்கும், மருந்தும் மெதுவாக வெளிவரும். ஆகவே மருந்து வெளிவரும் வேகத்தை மாற்ற வேண்டுமானால் திருகவேண்டிய திருகு இது. அளவை மாற்ற அல்ல.

மறுநாள் கலவை வெளிர்மஞ்சளாக இருக்கும். ஆல்டிஹைடும் அமீனும் பிணைந்ததன் நிறம் அது. ஒரு சொட்டு நீரில் விடும் சோதனையை மறுபடி செய்யுங்கள். இப்போது கலங்கலாகவே நிற்கவேண்டும். தெளிந்தால் ஆல்டிஹைடு பழசு, அல்லது எங்கிருந்தோ வேறு அமீன் உள்ளே வந்திருக்கிறது.

குளுட்டரால்டிஹைடு வேண்டாம் என்றால், மூடிய குப்பியில் 70 டிகிரியில் 2 மணி நேரம் வைத்து வெப்பத்தாலும் பூட்டலாம். அந்தச் சூட்டைத் தாங்கும் மருந்துக்கு மட்டும். எத்தனால் தீப்பற்றும், நெருப்பின் அருகில் வேண்டாம், வாட்டர் பாத் மட்டுமே.

மருந்தை ஏற்றுதல்

நீரில் கரையும் மருந்தானால், எத்தனாலுக்கு முன்பே அல்புமின் கரைசலில் சேர்த்து 2 மணி நேரம் கலக்குங்கள். மருந்து புரதத்தில் ஒட்டிக்கொள்ள நேரம் வேண்டும். டாக்சோருபிசின் என்ற புற்றுநோய் மருந்து இப்படித்தான் ஏற்றப்படுகிறது. அதில் அமீன் இருப்பதால் குளுட்டரால்டிஹைடு அதையும் புரதத்தோடு பிணைத்துவிடக்கூடும், அப்படிப் பிணைந்தது வெளியே வராது. ஏற்றியதையும் வெளிவந்ததையும் தனித்தனியாக அளக்கவேண்டிய காரணம் இதுவே.

நீரில் கரையாத மருந்துக்குப் பழக நல்ல உதாரணம் மஞ்சளிலிருக்கும் குர்குமின். விலை குறைவு, நிறம் கண்ணுக்கே தெரியும், 425 நானோமீட்டர் ஒளியில் அளக்கலாம். 2 மி.கி. குர்குமினை 8 மி.லி. எத்தனாலில் கரைத்து, அந்த எத்தனாலையே மேலே சொன்னபடி விடுங்கள். குப்பியை அலுமினியத் தாளால் சுற்றிவிடுங்கள்; ஒளியில் குர்குமின் சிதையும். காரத்திலும் சிதையும். அல்புமினில் ஒட்டியிருக்கும் பகுதிக்குப் பாதுகாப்பு கிடைக்கும், வெளியே கிடக்கும் பகுதிக்குக் கிடைக்காது.

எத்தனாலில் நன்றாகக் கரையும் மருந்து, 80% எத்தனாலில் கரைந்தபடியே இருக்கத்தான் பார்க்கும். துகளுக்குள் வருவது புரதத்தோடு ஒட்டிய பங்கு மட்டுமே. அதனால் முதல் முறை சென்ட்ரிஃபியூஜில் சுழற்றும்வரை கலவையில் நீரைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள். நீர் சேர்த்தால் வெளியே கரைந்திருந்த குர்குமின் நுண்படிகமாக வீழ்ந்து, துகள்களோடு சேர்ந்து அடியில் படியும். மேல்திரவம் நிறமற்றுத் தெரியும், "95% ஏறிவிட்டது" என்று எழுதத் தோன்றும். அது ஏறியதல்ல, பக்கத்தில் படிந்தது. மைக்ரோஸ்கோப்பில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தால் மஞ்சள் ஊசிகள் காட்டிக்கொடுத்துவிடும்.

கழுவுதல்

16,000 ஜியில் (புவியீர்ப்பைப்போல் 16,000 மடங்கு விசையில்) 10 நிமிடம் சுழற்றுங்கள். குறிப்பேட்டில் ஆர்பிஎம்மை (நிமிடத்துக்கான சுற்றுகளை) மட்டும் எழுதாதீர்கள். ரோட்டர் மாறினால் விசையும் மாறும். 8.4 செ.மீ. ஆரமுள்ள ரோட்டரில் 13,000 ஆர்பிஎம் ஏறக்குறைய 15,900 ஜி. அதே ரோட்டரில் 10,000 ஆர்பிஎம் 9,400 ஜிதான்.

முதல் மேல்திரவத்தை முழுவதும் எடுத்துத் தனியே வையுங்கள், ஏறாத மருந்தின் அளவு அதில்தான் இருக்கிறது. படிவில் அதே கொள்ளளவு நீர் சேர்த்து, பிப்பெட்டால் கலைத்து, பனிக்கட்டி போட்ட பாத் சோனிகேட்டரில் 5 நிமிடம் வையுங்கள். இந்த இரண்டாம் சுற்றில்தான் 50 மில்லிமோலார் கிளைசின் சேர்த்து ஒரு மணி நேரம் விட்டு, மிச்ச ஆல்டிஹைடை அணைக்கவேண்டும். முன்பே சேர்த்தால் எத்தனாலில் கிளைசின் கரையாமல் வெள்ளைப் பொடியாக வீழ்ந்து துகளோடு கலந்துவிடும். பிறகு இன்னும் இரண்டு முறை நீரில் கழுவுங்கள். படிவு ரப்பர்போல் கெட்டியாகிக் கலையவில்லையென்றால் விசையையோ நேரத்தையோ குறையுங்கள். அதிக நேரம் சுழற்றினால் துகள்கள் ஒன்றோடொன்று நசுங்கி ஒட்டும்.

அளத்தல்

0.22 மைக்ரானில் வடித்த நீரில் நூறு மடங்கு நீர்த்து, 25 டிகிரியில் டிஎல்எஸ் கருவியில் (ஒளிச்சிதறலைக் கொண்டு துகள் அளவைக் கணிப்பது) மூன்று முறை அளவிடுங்கள். 150 முதல் 250 நானோமீட்டர், பிடிஐ (அளவுப் பரவலைக் காட்டும் எண்) 0.2க்குக் கீழே என்றால் நல்ல தயாரிப்பு, 0.1க்குக் கீழே என்றால் மிக நல்லது. கழுவாத கலவையை, கருவியில் 'நீர்' என்ற அமைப்பை மாற்றாமல் அளந்தால் எண் பொய்: எத்தனால்-நீர்க் கலவை நீரைவிடப் பிசுபிசுப்பானது, துகள் மெதுவாக அசையும், கருவி அதைப் பெரிய துகள் என்று எண்ணிக்கொள்ளும். எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் துகள் உலர்ந்திருப்பதால் டிஎல்எஸ்ஸைவிடச் சிறிதாகத் தெரியும், அது தவறல்ல. துகள் மேற்பரப்பின் மின்சுமையைக் காட்டும் ஜீட்டா மின்னழுத்தம் நடுநிலை பிஎச்சில் மைனஸ் 30 மில்லிவோல்ட் அல்லது அதற்கும் கீழே இருந்தால் துகள்கள் ஒட்டாமல் நிற்கும்.

விளைச்சலுக்கு, முன்பே எடைபோட்ட அலுமினியத் தட்டில் கழுவிய துகள் கரைசலை அளந்து ஊற்றி, 80 டிகிரியில் 2 மணி நேரம் உலர்த்தி எடைபோடுங்கள்.

மருந்தளவை இரு பக்கமும் பாருங்கள். மேல்திரவத்தில் 0.6 மி.கி. இருந்தால், 2 மி.கி.யில் 1.4 மி.கி. ஏறியிருக்கிறது, 70%. ஆனால் துகளின் எடை 160 மி.கி. என்றால் மருந்துச் சுமை 0.9%தான். இரண்டையும் எழுதுங்கள், முதலாவது மட்டும் படிப்பவரை ஏமாற்றும். பிறகு படிவில் ஒரு பங்கை பிஎச் 2இல் பெப்சினால் செரிக்கவைத்து, எத்தனாலில் மருந்தைக் கரைத்து நேரடியாக அளவிடுங்கள். காரமான சூழலில் வேலை செய்யும் டிரிப்சின் குர்குமினுக்கு ஆகாது. இரண்டு வழியிலும் கணக்கு ஒத்துப்போகவேண்டும். மருந்தில்லாத வெற்றுத் துகளையும் இதே வழியில் செய்து, அதன் ஒளி உறிஞ்சலைக் கழிக்க மறக்காதீர்கள். குளுட்டரால்டிஹைடின் மஞ்சளும் துகள்களின் ஒளிச்சிதறலும் குர்குமின்போல நடிக்கும்.

வைத்திருத்தல்

4 டிகிரியில் சில நாள் வைக்கலாம். வெறுமனே ஃபிரீசரில் வைத்தால் பனிப்படிகங்கள் துகள்களை நெருக்கி ஒட்டவைத்துவிடும். நீண்டகாலத்துக்கு 3% டிரெஹலோஸ் அல்லது சுக்ரோஸ் சேர்த்து உறைய வைத்து உலர்த்துங்கள். செல் சோதனைக்கு என்றால் அல்புமின், உப்பு, எத்தனால் எல்லாவற்றையும் முன்கூட்டியே 0.22 மைக்ரானில் வடித்து, வடிகட்டிய சுத்தமான காற்று வீசும் லாமினார் ஃப்ளோ மேடைக்குள் வேலை செய்யவேண்டும். 200 நானோமீட்டர் துகளைச் செய்து முடித்தபின் அந்த வடிகட்டியில் விட்டால் துகள்கள் வடிகட்டியிலேயே தங்கிவிடும். உலர்ந்த பொடியை நீரில் கலைத்தபின் மறுபடி டிஎல்எஸ் எடுத்து, புதிய அளவைப் பழைய அளவால் வகுத்துப் பாருங்கள். 1.3க்கு மேல் போனால் சர்க்கரையை 5%க்கு உயர்த்தி, அதே தயாரிப்பின் இன்னொரு பங்கில் முயலுங்கள்.